இராமானுஜனும் காத்திருக்கும் வேலைகளும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல்)

சிதம்பரத்தில் வண்டி ஏறினால் கடலூரில் இறங்கும் வரை எனக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கிடைக்கும். கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று வண்டி நின்று நின்று வரும். ஒற்றைத் தடம் ஆதலால் எதிர் வண்டிக்கு வழிவிட்டுக் காத்திருப்பதும் உண்டு. இக்கட்டுரைக்கு வேண்டிய நூல்களை நான் படித்தது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அப்பா கொத்தனார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்பவர். முதலாண்டு முடிவில் நான் ஆங்கிலத்தில் தேறவில்லை. மற்ற பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் இதில் மட்டும் ஏன் தவறினாய் என்று அம்மா கேட்டார். கணக்கில் உலகப் புகழ் பெற்ற இராமானுஜனே ஆங்கிலத்தில் தவறியவர்தான் என்று நான் பெருமையோடு விடை சொன்னேன். அப்புறம் அவர் என்ன ஆனார் என்று அம்மா கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

அவருடைய வரலாற்றை நான் படித்துக்கொண்டிருந்த அதே வாரங்களில் வகுப்பில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்னும் இயக்க அமைப்பைப் பற்றிய பாடம் நடந்தது. ஒரு கணிப்பொறியில் பல வேலைகள் காத்திருக்கும்போது, எந்த வேலையை எந்தப் புராசஸரிடம் எப்போது ஒப்படைப்பது என்று முடிவு செய்யும் பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர். வகுப்பில் ஷெட்யூலர், வண்டியில் இராமானுஜன் என்று நாள்கள் சென்றன. சில நாளில் இரண்டும் ஒன்றை ஒன்று விளக்குவதாக எனக்குத் தோன்றத் தொடங்கியது. மனிதரைப் பொறியோடு ஒப்பிடுவது முற்றும் பொருந்தாது என்பதை அறிவேன். ஆயினும் இந்த ஒப்புமை எனக்கு ஓர் உண்மையைக் காட்டியது. அதை நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோயில் பஜனைகளில் பாடுபவர். சொற்ப வருவாயில் நடந்த குடும்பம் அது. 1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் ஆங்கிலம், தமிழ், புவியியல், கணக்கு ஆகியவற்றை எழுதி மாவட்டத்திலேயே முதல் நிலை எய்தினார். ஆங்கிலம் வராத பிள்ளை அவர் என்று நான் நினைத்திருந்தது தவறு. பத்து வயதில் எல்லாப் பாடங்களுக்கும் அவர் தம் நேரத்தைப் பகிர்ந்தே கொடுத்தார்.

ஒரே புராசஸர் உள்ள கணிப்பொறி பல வேலைகளைச் செய்வதும் இப்படித்தான். வேலைகள் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் சில மில்லி விநாடிகள் மட்டுமே முறை. நேரம் முடிந்ததும், செய்தவரைக்கும் குறித்து வைத்துவிட்டு, அடுத்த வேலையை எடுக்க வேண்டும். முறை விரைந்து விரைந்து மாறுவதால் எல்லா வேலைகளும் ஒரே நேரத்தில் நடப்பதாக நமக்குத் தோன்றும்.

1903இல் இராமானுஜன் கையில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று கிடைத்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர் வழியாக வந்த நூல் அது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை அடுக்கியிருக்கும். விளக்கங்கள் மிகக் குறைவு. அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கிய பதினைந்து வயதுச் சிறுவனுக்கு, அதன் பிறகு மற்ற எதுவும் பொருட்டாகவில்லை. 1904இல் டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பரிசு பெற்று, உதவித்தொகையோடு அதே அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் ஒன்றையே செய்தார். ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை நின்றது. கல்விக் கட்டணம் செலுத்த வீட்டில் வழியில்லை.

நான் அம்மாவிடம் பெருமையாகச் சொன்ன செய்தி இதுதான். ஆனால் அதற்குப் பின் நடந்ததை அன்று நான் அறியேன். 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்கு ஓடிப்போனார். பெற்றோர் தேடி அலைந்தனர். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. தேர்வில் தவறினார். 1907இல் மீண்டும் எழுதினார், மீண்டும் தவறினார். தோல்வியை அவர் பெருமையாக எண்ணியிருந்தால் ஓடிப்போயிருக்கவும் மாட்டார், திரும்பத் திரும்பத் தேர்வு எழுதியிருக்கவும் மாட்டார்.

இந்நிலைக்கு எங்கள் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. ஒரு வேலைக்கு மிக உயர்ந்த முன்னுரிமை கொடுத்துவிட்டு, அது முடிந்த பிறகே மற்றவை என்று ஷெட்யூலர் இருந்துவிட்டால், முன்னுரிமை குறைந்த வேலைகள் முறை வராமலே காத்துக் கிடக்கும். இதற்கு ஸ்டார்வேஷன், அதாவது பட்டினி என்று பெயர். முதல் நாள் அப்பெயரைக் கேட்டு வகுப்பில் சிலர் சிரித்தோம். இதற்கான மருந்தின் பெயர் ஏஜிங். காத்திருக்கக் காத்திருக்க ஒரு வேலையின் முன்னுரிமையைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போவது. எவ்வளவு தாழ்ந்த வேலையாயினும் ஒருநாள் அதற்கும் முறை வந்துவிடும். இராமானுஜனின் நாள்களில் ஆங்கிலமும் உடற்கூற்றுப் பாடமும் பட்டினி கிடந்தன. பிற்காலத்தில் அவருடைய உடம்பும் அப்படியே கிடந்தது.

ஆனால் அவர் பக்கத்து வழக்கை மட்டும் பார்த்தால் நீதி ஆகாது. 1907 முதல் ஐந்து ஆண்டுகள் அவருக்கு நிலையான வேலை எதுவும் இல்லை. இடையில் 1909இல் ஜானகியம்மாளோடு திருமணம் நடந்தது. மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிப் பார்த்தார், பிழைப்பு ஓடவில்லை. தாள் வாங்கக் காசு இல்லாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். அந்நோட்டுகளில் வழி இல்லாமல் விடை மட்டும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். உலகின் மிகச் சிறந்த மூளைகளுள் ஒன்று, தனக்கு ஏற்ற பணியை எவரும் கொடாமையால் காத்துக் கிடந்தது.

இங்கேதான் பல புராசஸர்கள் உள்ள கணிப்பொறியின் கதை தொடங்குகிறது. இன்று நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியிலேயே எட்டு புராசஸர்கள் வரை இருக்கின்றன. அவற்றைக் கோர் என்கிறார்கள். எட்டு இருந்தால் எட்டு மடங்கு வேகம் என்று நான் முதலில் நினைத்தேன். அவ்வாறு இல்லை. இரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக்கு இரண்டு சாளரங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் தனித்தனி வரிசை இருந்தால், ஒரு வரிசையில் பத்துப் பேர் நிற்க, அடுத்த சாளரத்தில் எழுத்தர் சும்மா இருக்க நேரலாம். இரண்டுக்கும் பொதுவாக ஒரே வரிசை என்றால் அக்குறை தீரும். ஆனால் கணிப்பொறியில் அந்தப் பொது வரிசையை ஒரு நேரத்தில் ஒரு புராசஸர்தான் தொடலாம். ஒன்று தொடும்போது மற்றவை பூட்டு திறக்கக் காத்திருக்க வேண்டும். புராசஸர்கள் பெருகப் பெருக இந்தக் காத்திருப்பே பெருஞ்சுமை ஆகிவிடும்.

ஆகவே லினக்ஸ் போன்ற இயக்க அமைப்புகள் ஒவ்வொரு புராசஸருக்கும் தனி வரிசையே வைக்கின்றன. கூடவே, அவ்வப்போது எந்த வரிசை நீண்டிருக்கிறது, எது வெறுமையாக இருக்கிறது என்று ஒப்பிட்டு, வேலைகளை இடம் மாற்றுகின்றன. வேலை தீர்ந்த புராசஸர் சும்மா இராமல், பக்கத்து வரிசையைப் பார்த்து ஒரு வேலையை இழுத்துக்கொள்கிறது. சுமையைச் சமன்செய்தல் என்பது இதுவே.

இராமானுஜன் வாழ்விலும் அவ்வாறு பார்த்தவர் ஒருவர் வந்தார். அது நடந்தது நம் மாவட்டத்து எல்லைக்குள் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. 1910இல் அவர் திருக்கோவிலூருக்குச் சென்று, அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. இராமசுவாமி ஐயரைக் கண்டார். திருக்கோவிலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அது தென்னார்க்காடு மாவட்டம். அம்மாவட்டத்தின் தலைநகர் நம் கடலூர். கும்பகோணத்திலிருந்து விழுப்புரத்திற்கும் சென்னைக்கும் செல்லும் பழைய இரயில் பாதையும் மாயவரம், சிதம்பரம், கடலூர் வழியாகச் செல்வதுதான். நான் நாள்தோறும் பார்க்கும் இதே உப்பங்கழிகளையும் வயல்களையும் அவரும் நோட்டுகளை வைத்துக்கொண்டு பார்த்துச் சென்றிருப்பார்.

வந்த இளைஞர் கேட்டது வருவாய்த் துறையில் ஒரு சிறு எழுத்தர் வேலை. இராமசுவாமி ஐயர், இன்று இந்தியக் கணிதக் கழகம் என வழங்கும் அமைப்பை 1907இல் தொடங்கியவர். நோட்டுகளைப் புரட்டினார். இவரைத் தாலுகா அலுவலகக் கோப்புகளில் புதைப்பது தகாது என்று கண்டார். வேலை கொடுக்கவில்லை, அதைவிடப் பெரியதைக் கொடுத்தார். சென்னையில் உள்ள கணித அன்பர்களிடம் செல்லும்படி அனுப்பிவைத்தார். ஒரு வரிசையில் தேங்கிக் கிடந்ததை அதற்குரிய வரிசைக்கு மாற்றினார் என்றே நான் கருதுகிறேன்.

அதன் பின் கை மாறிக் கை மாறி உதவி வந்தது. கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்து சென்னைக்கு மாறிய பி.வி. சேஷு ஐயர் வழி காட்டினார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் 25 ரூபாய் கொடுத்தார். 1911இல் பெர்னூலி எண்களைப் பற்றிய இராமானுஜனின் கட்டுரை கணிதக் கழக இதழில் வெளிவந்தது. 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் ஆனார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். அலுவல் முடிந்த பின் அவரோடு அமர்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டார். கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். 1913 ஜனவரி 16ஆம் நாளிட்டு கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் சென்றது. அதற்கு முன் வேறு பேராசிரியர்களுக்கு எழுதியவை பயன் தரவில்லை. ஹார்டி படித்தார்; அதன் உயர்வை உணர்ந்தார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம், எஃப்.ஏ. தேறாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது.

1914 மார்ச்சு 17ஆம் நாள் அவர் கப்பல் ஏறினார். எங்கள் பாடத்தில் இன்னொரு செய்தி உண்டு. ஒரு வேலை சிறிது நேரம் ஒரு புராசஸரில் நடந்தால், அதற்கு வேண்டிய தகவல்கள் எல்லாம் அந்தப் புராசஸரின் பக்கத்தில் உள்ள சிறு நினைவகத்தில் வந்து சேர்ந்துவிடும். வேலையை வேறு புராசஸருக்கு மாற்றினால் அவை எல்லாம் புதிதாக வந்து சேரும் வரை வேகம் குன்றும். ஆகவே காரணம் இன்றி மாற்றக் கூடாது. மாற்றினால் விலை உண்டு. இராமானுஜன் இங்கிலாந்து சென்றதற்கும் விலை இருந்தது. குளிர் ஒரு பக்கம்; சைவ உணவுக்குத் தட்டுப்பாடு ஒரு பக்கம். சென்ற சில மாதங்களில் உலகப் போர் மூண்டது. மனைவியும் தாயாரும் கடலுக்கு அப்பால் இருந்தனர். தாமே சமைத்து, நேரம் தவறி உண்டு, விடிய விடியக் கணக்குப் போட்டார்.

ஆயினும் அங்கே விளைந்தது எதனோடும் ஒப்பிட முடியாதது. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அது நம் பொருளுக்கும் நெருங்கியது. 4 என்னும் எண்ணை எத்தனை வகையாகப் பிரித்துக் கூட்டலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஆக ஐந்து வகை. ஒரே அளவுள்ள நான்கு வேலைகளை ஒரே மாதிரியான நான்கு புராசஸர்களுக்குப் பங்கிடும் வழிகளும் இந்த ஐந்தே. 5க்கு ஏழு வழி, 10க்கு 42 வழி. 100க்கு 19,05,69,292 வழி. 200க்கு எத்தனை? இவ்வெண்ணிக்கைக்கு எவரும் நல்ல சூத்திரம் கண்டதில்லை. ஹார்டியும் இராமானுஜனும் சேர்ந்து கண்டு 1918இல் வெளியிட்டனர்.

அந்த வேலையை அவர்கள் பகிர்ந்துகொண்ட முறையைப் பாருங்கள். சூத்திரத்தின் வடிவை ஊகிக்கும் உள்ளுணர்வு இராமானுஜனுடையது. ஒவ்வொரு படியையும் ஐயமற நிறுவும் திறம் ஹார்டியுடையது. பீரங்கிப் படையில் பணியாற்றிய மேஜர் மக்மகான், 200 வரை கையாலேயே கணக்கிட்டு அட்டவணை தந்தார். 200க்கு அவர் கண்ட விடை 39,72,99,90,29,388. ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி. சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டிய விடையோடு ஒப்பிட்டபோது வேறுபாடு 0.004 மட்டுமே. மூவரில் ஒருவர் இல்லாவிடினும் இது இவ்வளவு உறுதியோடு நிறைவு பெற்றிருக்காது. 1937இல் ராடமேக்கர் அதை முற்றிலும் துல்லியமான சூத்திரமாக ஆக்கினார்.

இருநூறு சிறு வேலைகளுக்கே இத்தனை இலட்சம் கோடி வழி என்றால், வெவ்வேறு அளவுள்ள வேலைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா வழிகளையும் சோதித்து மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க எந்த ஷெட்யூலருக்கும் நேரம் கிடையாது. அப்படியானால் என்ன செய்வது? 1966இல் ரொனால்டு கிரஹாம் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இதற்கு ஓர் அழகிய விடை கண்டார். எந்தப் புராசஸர் ஓய்ந்தாலும் உடனே வரிசையில் உள்ள அடுத்த வேலையை அதற்குக் கொடுத்துவிடு. வேலை காத்திருக்க, எதையும் சும்மா விடாதே. இந்த ஒரு விதியைப் பின்பற்றினாலே போதும். ஆகும் நேரம், மிகச் சிறந்த பங்கீட்டுக்கு ஆகும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கை ஒருபோதும் எட்டாது. குறையற்ற பங்கீடு அரிது; ஆனால் எவரையும் சும்மா காக்க வைக்காத பங்கீடு நம்மால் இயலும்.

1917 முதல் இராமானுஜனின் உடல் தளர்ந்தது. மருத்துவமனைகளிலேயே பெரும்பகுதி கழிந்தது. 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். அவ்விரு பெருமைகளும் வந்தபோது அவர் நோயாளி. 1919இல் தாயகம் திரும்பினார். படுக்கையிலும் எழுதினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். வயது 32. அவர் இறுதியாண்டில் எழுதிய தாள்கள் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அறியப்படாமல் கிடந்து, 1976இல்தான் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. ஜானகியம்மாள் பின்னர்த் தையல் வேலை செய்து வாழ்ந்து, 1994இல் திருவல்லிக்கேணியில் மறைந்தார். அவரோடு கணவர் வாழ்ந்த காலம் மிகச் சொற்பம். மேதையின் வரலாற்றில் காத்திருந்தவர்களின் பட்டியலில் அந்த அம்மையாரின் பெயரையும் எழுதத்தான் வேண்டும்.

நண்பர்களே, இராமானுஜன் ஆங்கிலத்தில் தவறியதால் மேதை ஆகவில்லை. தவறிய பின்னும் அவரை இழுத்துக்கொள்ள இராமசுவாமி ஐயரும் சேஷு ஐயரும் நாராயண ஐயரும் ஹார்டியும் இருந்ததால் உலகம் அவரை அறிந்தது. அந்த ஐந்து ஆண்டுகளை நாம் இழந்தோம். அவை திரும்ப வாரா. தேர்வில் தவறிய எல்லாரும் இராமானுஜன் அல்லர். ஆனால் அவர்களில் எவர் எதில் வல்லவர் என்று யாராவது நோட்டைப் புரட்டிப் பார்த்தால்தானே தெரியும்? நம்மைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரியின் நூலகம்தான் அவருக்கு அந்த நூலைக் கொடுத்தது. அதே கல்லூரியில்தான் அவருடைய உதவித்தொகையும் நின்றது. இரண்டையும் மறவாதிருத்தல் வேண்டும் என்று பேராசிரியப் பெருமக்களைப் பணிவோடு வேண்டுகிறேன்.

என்னைப் பொறுத்தவரை, என் நேரத்துக்கு நானே ஷெட்யூலர். வரும் தேர்வில் ஆங்கிலத்தை மீண்டும் எழுதுகிறேன். இக்கட்டுரை முடிந்துவிட்டதால் காலை இரயிலின் ஒரு மணி நேரம் இனி அதற்கு உரியது. நெடுநாள் காத்திருந்த பாடம். அதன் முன்னுரிமையை உயர்த்திவிட்டேன். சென்ற ஞாயிறன்று அம்மாவுக்கு முழுக் கதையையும் சொன்னேன். அவர் நாற்று முடிச்சுக்கான நாரைக் கிழித்துக்கொண்டே கேட்டார். ஓடிப்போன பிள்ளையைத் தேடி அந்தத் தாய் எத்தனை நாள் அலைந்தாளோ என்றார். பிறகு, உன் வண்டி நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, எழுந்து அடுப்படிக்குச் சென்றார்.